மூன்றாம் எஞ்சின்

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு
பிர்னோ நகரத்துக் கிழக்கோரக் குடியிருப்பில்,
நான்காம் மாடியில்,
ஐம்பத்திரண்டு பயணிகளை ஏற்றிக்கொள்கிறேன்.
யாருக்கும் முகமில்லை, எடை மட்டும் உண்டு.
ஆளுக்கு எழுபத்தேழு கிலோ என்று
எரிபொருள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாரநாட்களில் நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
என் ஆகாயம் பன்னிரண்டு மாடி.
நடுவில் நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள்.
இங்கே நின்றுபோனால் கூப்பிட ஆளில்லை:
ஷானனிலிருந்து காண்டர்வரை
எதிர்காற்றில் எட்டு மணி நேரம்
அட்லாண்டிக் மட்டும்.

மூன்றாம் எஞ்சினைத்தான் முதலில் எழுப்பவேண்டும்,
ஐம்பதுகளின் வழக்கம் அது.
விசிறித் தகடுகளை எண்ணி
மேக்னெட்டோவைத் திருப்பினால்
ஓர் இருமல், நீலப் புகை, இன்னோர் இருமல்,
பிறகு
சரி போகட்டும் என்பதுபோல் ஒரு கர்ஜனை.
அப்புறம் நான்கு, இரண்டு, ஒன்று.
மேசைக்கடியில் பேஸ் ஸ்பீக்கர் அதிர
அலமாரியில் கோப்பைகள்
ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்.

கீழ்வீட்டு ஷார்கா எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறாள்,
விடியுமுன் மூன்றரைக்கு எழுகிறவள்.
பிப்ரவரியில் லிஃப்டுக்குள் சீட்டு ஒட்டியிருந்தாள்:
'நான்காம் மாடியில் இரவெல்லாம்
சிமென்ட் கலக்கும் அன்பருக்கு,
இந்தக் கட்டடம் ஏற்கெனவே
கட்டி முடிந்துவிட்டது.'
லிஃப்டில் எது ஒட்டினாலும் நான்தான் கிழிக்கவேண்டும்.
கிழித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
ஹெட்ஃபோன் வாங்கப் போனேன்.

ஒரு வாரம் காதுக்குள் பறந்தேன்.
விமானம் பறந்தது,
நாற்காலி பறக்கவில்லை.

எட்டாம் நாள் குப்பைத்தொட்டியருகே
"வேலை நின்றுவிட்டதோ?" என்றாள்.
"நிறுத்திவிட்டேன்."
"தூக்கமே வரவில்லை" என்றாள்,
புகார் சொல்கிற அதே குரலில்,
மூடியை டமாரென்று சாத்திவிட்டு.

இன்றைக்கு மீண்டும் ஸ்பீக்கர்.

நள்ளிரவு. நடுக்கடல்.
திரை முழுக்க மேகத்தின் உட்புறம்,
துவைத்துத் துவைத்து நிறம் போன துணி மாதிரி.
தானியங்கி பிடித்துக்கொண்டிருக்க
நான் வெங்காயம் வதக்கப் போனேன்.
கேப்டன் இடத்தைவிட்டு எழக்கூடாது.
கேப்டனுக்குப் பசி.

அப்போது ரேடியேட்டர் குழாயில்
டங். டங். டங்.

கரண்டியும் கையுமாய் ஓடிவந்தேன்.
நான்கு குரலில் ஒன்று பின்தங்கி
ஒலி அலைந்துகொண்டிருந்தது,
ஒரே தொட்டிலை இரண்டு பேர்
வேறுவேறு தாளத்தில் ஆட்டுவதுபோல்.
மூன்றாம் வட்டத்தில் மட்டும் அழுத்தமுள்
யாருக்கும் சொல்லாமல் சரிந்துகொண்டிருந்தது.
கார்புரேட்டருக்குள் பனி.

வெந்நீர்ப் போர்வை கிடையாது, வெப்பக்காற்று உண்டு.
நெம்புகோலை இழுத்தேன்
(நெம்புகோல் என்ன, மவுஸ்தான்).
உருகிய நீரைக் குடித்துப் புரையேறி,
திணறி, தும்மி,
மெல்ல மெல்ல மற்ற மூன்றோடும்
சுருதி சேர்ந்தது.

ஐம்பத்திரண்டு பேருக்கும் எதுவும் தெரியாது.
எடை ஒரு கிலோ நகரவில்லை.
வெங்காயம் கரிந்துபோயிருந்தது.

மூன்று தட்டல் என்றால் மூன்றாம் எஞ்சினா?
இல்லை, எரிச்சலில் தட்டுகிறவர்கள்
எங்கும் மூன்றுமுறைதான் தட்டுவார்களா?
கேட்கப்போவதில்லை.
கரண்டியால் குழாயில் ஒருமுறை தட்டினேன்.
பதில் இல்லை.
தூங்கியிருக்கலாம்.

காண்டரில் பனித்தூறல்.
ஒரு சக்கரம் முதலில், மற்றது யோசித்துவிட்டு.
சுமாரான இறக்கம்தான், எழுதத் தேவையில்லை.
ஒவ்வோர் எஞ்சினாய் அணைத்தேன்,
மூன்றாவதைக் கடைசியாக.

மணி மூன்று ஐம்பது.
கீழே கதவு பூட்டும் ஓசை,
லிஃப்ட் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.
இரண்டாம் மாடியைக் கடக்கையில்
வழிச்சக்கரத்தில் சின்னதாய் ஒரு கீச்சு.

பயணக் குறிப்பேட்டில்,
கார்புரேட்டர் பனிக்குக் கீழே,
அதையும் எழுதிக்கொண்டேன்:
செவ்வாய்க்கிழமை. எண்ணெய்.